தவக்காலமும் ஒருபிடி அரிசியும்

ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கில், மலாக்கா எல்லைக்கு அருகில் அமைந்துள்ள ஊர் தங்காக். 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலை இவ்வூரின் பின்புலமாக நிற்கிறது. துணிக்கடைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் இது. பெருநாள் நெருங்கினால் வெளியூர்களிலிருந்தும் மக்கள் இங்குத் துணி வாங்க வருவர். இத்தகைய ஊரில், பெருநாள் வருவதற்கு முன்பு புதுத்துணி வாங்காமல் நாற்பது நாள் காத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. விருந்தைத் தவிர்த்து, இறைச்சியை விலக்கி, வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆலயத்திற்குச் செல்லும் அக்குடும்பங்கள் கிறிஸ்தவக் குடும்பங்கள். அவர்கள் கடைப்பிடிக்கும் அந்த நாற்பது நாள்களே தவக்காலம் எனப்படும்.

தவக்காலத்திற்குத் தமிழில் பல பெயர்கள் உள்ளன. கத்தோலிக்கர் தவக்காலம் என்பர். முதியோர் சிலர் தபசு காலம் என்பர். லூத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய சீர்திருத்தச் சபைகளைச் சேர்ந்த தமிழர் இதனை லெந்து காலம் என்று அழைப்பர். பெயர் எதுவாயினும் நோக்கம் ஒன்றே. இயேசு கிறிஸ்துவின் பாடுகளையும் இறப்பையும் எண்ணி, தம் வாழ்வைத் திருத்திக்கொண்டு, அவர் உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் பெருவிழாவுக்குத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ளும் காலம் இது.

நாற்பது நாள் கணக்கு

கிறிஸ்தவரின் திருநூலாகிய விவிலியத்தில் நாற்பது என்னும் எண் மீண்டும் மீண்டும் வருகிறது. நோவாவின் காலத்தில் நாற்பது நாள் மழை பெய்தது. மோசே சீனாய் மலையில் நாற்பது நாள் தங்கியிருந்தார். எலியா என்னும் இறைவாக்கினர் நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்தார். இயேசுவும் தம் பணியைத் தொடங்கும் முன்பு பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்தார். அந்த நோன்பைப் பின்பற்றியே தவக்காலம் அமைந்தது. கி.பி. 325இல் நிக்கேயா நகரில் கூடிய திருச்சபைப் பேரவையின் விதிகளிலேயே இந்த நாற்பது நாள் காலம் குறிப்பிடப்பட்டுள்ளது.

நாள்காட்டியில் எண்ணிப் பார்க்கும் மாணவர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். தவக்காலம் தொடங்கும் புதன்கிழமை முதல் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாள்கள் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றும் இயேசு உயிர்த்தெழுந்த நாளின் நினைவாகும். அது மகிழ்ச்சியின் நாள். ஆகவே, இடையில் வரும் ஆறு ஞாயிறுகளும் நோன்புக் கணக்கில் சேர்வதில்லை. அவற்றைக் கழித்தால் நாற்பது நாள்கள் கிடைக்கும்.

தவக்காலம் ஒவ்வோர் ஆண்டும் ஒரே தேதியில் வருவதில்லை. மார்ச் 21ஆம் நாளிலோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறே உயிர்ப்புப் பெருவிழா என்று திருச்சபை கணக்கிடுகிறது. நிலவின் சுழற்சியைச் சார்ந்து இவ்விழா நகர்வதால், தவக்காலத்தின் முதல் நாள் பிப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் இடையில் எந்த நாளிலும் அமையலாம். 2025இல் அது மார்ச் 5ஆம் நாள் தொடங்கியது. 2026இல் பிப்ரவரி 18ஆம் நாள் தொடங்கியது.

நெற்றியில் சாம்பல்

தவக்காலத்தின் முதல் நாள் திருநீற்றுப் புதன் எனப்படும். சீர்திருத்தச் சபையினர் அதனைச் சாம்பல் புதன் என்பர். முந்தைய ஆண்டின் குருத்தோலை ஞாயிறன்று மக்கள் கையில் ஏந்திச் சென்ற ஓலைகளைப் பலர் வீட்டில் சிலுவைப் படத்தின் அருகே செருகி வைத்திருப்பர். அந்த ஓலைகள் காய்ந்து பழுத்த நிலையில் ஆலயத்திற்குத் திரும்ப வருகின்றன. அவற்றை எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலால் குருவானவர் ஒவ்வொருவரின் நெற்றியிலும் சிலுவை அடையாளம் இடுவார். மனிதன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே திரும்புபவன் என்பதை அப்போது அவர் நினைவூட்டுவார். அல்லது மனம் மாறும்படி அழைப்பு விடுப்பார். 1091ஆம் ஆண்டில் பெனவெந்தோ என்னும் இத்தாலிய நகரில் நடந்த திருச்சபைப் பேரவை, குருக்களும் பொதுமக்களும் ஆகிய அனைவரும் அன்று சாம்பல் பெறவேண்டும் என்று விதித்தது.

நெற்றியில் நீறு அணிவது தமிழ் மாணவர்களுக்குப் புதியதன்று. சைவ சமயத்தவர் நாள்தோறும் அணியும் திருநீறும், இவ்வுடல் ஒருநாள் சாம்பலாகும் என்னும் உண்மையை நினைவூட்டுவதே. தமிழ்க் கிறிஸ்தவர் தம் சடங்குக்குத் திருநீறு என்ற அதே சொல்லைப் பயன்படுத்துவதில் வியப்பில்லை.

இந்த நாளில் ஆலயத்தில் வாசிக்கப்படும் நற்செய்திப் பகுதி சிந்திக்கத்தக்கது. நோன்பிருப்பவர் வாடிய முகத்துடன் பிறருக்குத் தம்மைக் காட்டிக்கொள்ளக் கூடாது. முகத்தைக் கழுவித் தலைக்கு எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்று இயேசு கூறியதாக அப்பகுதி சொல்கிறது. இதைக் கேட்ட சிறிது நேரத்திலேயே மக்கள் நெற்றியில் சாம்பலுடன் தெருவுக்கு வருகின்றனர். சாம்பல் வெளியே தெரிகிறது. நோன்பு மறைவாக இருக்கவேண்டும் என்கிறது நற்செய்தி. இந்த முரண்பாட்டைத் தவக்காலம் முதல் நாளிலேயே நம் முன் வைத்துவிடுகிறது. நோன்பு யாருக்காக என்ற கேள்வி அங்கேயே பிறக்கிறது.

ஒருசந்தியும் சுத்தபோசனமும்

தவக்காலத்தின் கடமைகள் மூன்று. அவை செபம், நோன்பு, ஈகை என்பனவாகும். இவற்றுள் நோன்பைக் குறிக்கத் தமிழ்க் கத்தோலிக்கர் இரண்டு பழைய சொற்களை வழங்கி வருகின்றனர். ஒன்று ஒருசந்தி, நாளில் ஒரு வேளை மட்டும் முழு உணவு உண்பது. மற்றொன்று சுத்தபோசனம், இறைச்சியை விலக்கி உண்பது. தமிழ்நாட்டிலிருந்து மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த கிறிஸ்தவத் தொழிலாளர்களோடு இச்சொற்களும் கடல் கடந்து வந்தன. இன்றும் முதியோர் இருக்கும் வீடுகளில் இவற்றைக் கேட்கலாம்.

கத்தோலிக்கத் திருச்சபையின் இன்றைய விதி எளிமையானது. திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாள்களே ஒருசந்தி கட்டாயமான நாள்கள். 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயதினர் வரை இவ்விதிக்கு உட்பட்டவர்கள். ஒரு வேளை முழு உணவும், மற்ற இரு வேளைகளில் சிறிதளவு உணவும் கொள்ளலாம். சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு உரியது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அது கடைப்பிடிக்கப்படுகிறது. நோயாளிகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் விலக்கு உண்டு.

முன்னாளில் இந்த விதி மிகக் கடுமையாக இருந்தது. இடைக்கால ஐரோப்பாவில் இறைச்சியோடு முட்டை, பால், வெண்ணெய் ஆகியவையும் நாற்பது நாளும் விலக்கப்பட்டன. அதனால்தான் தவக்காலத்துக்கு முந்தைய நாளில் வீட்டில் எஞ்சிய முட்டையையும் பாலையும் கொண்டு அப்பம் சுட்டுத் தின்னும் வழக்கம் அங்குத் தோன்றியது. மலாக்காவின் போர்த்துகீசியக் குடியிருப்பிலும் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய ஞாயிறன்று இந்த்ருடு என்னும் விழா நடைபெறும். அன்று மக்கள் ஒருவர் மீது ஒருவர் நீரை வாரி இறைத்து ஆடிப்பாடி மகிழ்வர். அடுத்துவரும் அமைதியான நாள்களுக்கு முன்னர் நிகழும் கடைசி ஆரவாரம் அது. 1966ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளைத் தளர்த்தினார். விதியின் கடுமையைக் குறைத்து, செபத்தையும் பிறருக்குச் செய்யும் உதவியையும் அவர் வலியுறுத்தினார்.

தமிழ்க் குடும்பங்கள் பலவும் விதி கேட்பதற்கு மேலாகவே செய்கின்றன. நாற்பது நாளும் கறி, கோழி சமைக்காத வீடுகள் உண்டு. தவக்காலத்தில் திருமணம் முதலிய மங்கல நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் தவிர்ப்பர். ஆலயத்திலும் இதே எளிமையைக் காணலாம். பீடத்தில் மலர் அலங்காரம் இராது. குருவானவர் ஊதா நிற உடை அணிவார். மகிழ்ச்சிப் புகழ்ச்சியாகிய அல்லேலூயா நாற்பது நாளும் ஒலிக்காது.

விதியா, மனமா?

நோன்பு பற்றிக் கிறிஸ்தவரிடையே கருத்து வேறுபாடும் இருந்ததுண்டு. 1522ஆம் ஆண்டு தவக்காலத்தில், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஓர் அச்சகத் தொழிலாளர்கள் சிலர் தொத்திறைச்சி உண்டனர். அச்சகத்தின் உரிமையாளர் கிறிஸ்தோபர் புரோஷவர். கடும் வேலையில் இருந்த தம் ஆள்களுக்கு வலுவான உணவு தேவைப்பட்டது என்று அவர் காரணம் கூறினார். நகர மன்றம் சினம் கொண்டது. உல்ரிச் சுவிங்கிலி என்னும் மறையுரையாளரோ, விவிலியம் விதிக்காத ஒன்றை மனிதர் சட்டமாக்கக் கூடாது. நோன்பிருக்க விரும்புபவர் இருக்கட்டும், பிறரைக் கட்டாயப்படுத்தலாகாது என்று வாதிட்டார். சுவிட்சர்லாந்தின் சமயச் சீர்திருத்தம் இந்தச் சிறிய நிகழ்ச்சியிலிருந்தே தொடங்கியது.

இதன் தாக்கம் இன்றுவரை தொடர்கிறது. சீர்திருத்தச் சபைகள் சிலவற்றில் தவக்காலம் தனியாகக் கடைப்பிடிக்கப்படுவதில்லை. வேறு சில சபைகளில் லெந்து காலத் தியானக் கூட்டங்கள் நடைபெறும். ஆயினும், எதை விலக்குவது என்பது அவரவர் மனச்சான்றுக்கே விடப்படும். கிழக்குத் திருச்சபைகள் சிலவற்றிலோ முட்டை, பால், மீன் வரை விலக்கும் பெரிய நோன்பு இன்றும் வழக்கில் உள்ளது. ஒரே சமயத்தில் இத்தனை வழக்கங்கள் இருப்பது, நோன்பின் மதிப்பை உணவுப் பட்டியலைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது என்பதை உணர்த்துகிறது.

சிலுவைப்பாதை

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்க ஆலயங்களில் சிலுவைப்பாதை என்னும் வழிபாடு நடைபெறும். இயேசு சாவுக்குத் தீர்ப்பிடப்பட்டது முதல் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது வரை நிகழ்ந்தவை பதினான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஆலயச் சுவர்களில் அந்நிலைகளின் படங்கள் மாட்டப்பட்டிருக்கும். மக்கள் ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட்டு, செபித்து, பாடிக்கொண்டே அடுத்த நிலைக்கு நகர்வர். எருசலேம் நகருக்குச் சென்று இயேசு நடந்த பாதையில் நடக்க இயலாத எளிய மக்கள், தம் ஊரிலேயே அப்பயணத்தை மேற்கொள்ள இவ்வழிபாடு உதவியது. பிரான்சிஸ்கன் துறவியர் இதனை உலகெங்கும் பரப்பினர். 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெந்து நிலைகளின் எண்ணிக்கையைப் பதினான்கு என உறுதிப்படுத்தினார்.

தமிழர் இந்தத் துயரக் கதையைத் தம் கலைகளோடு இணைத்துக்கொண்டனர். தமிழ்நாட்டில் இடைக்காட்டூர் போன்ற ஊர்களில் இயேசுவின் பாடுகள் பாஸ்கா நாடகமாக நடிக்கப்படுகின்றன. இலங்கையின் வடபகுதிக் கத்தோலிக்கர் ஒப்பாரியின் சாயலில் பசான் பாடல்களைப் பாடுவர். தவக்காலத்தில் காவியுடை அணிந்து வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை செல்வோரும் உளர். மாலையிட்டு, விரதமிருந்து, நடந்து சென்று வழிபடும் தமிழரின் பொதுவான பக்திமுறை இங்கும் வெளிப்படுகிறது.

பசி யாரைச் சேர்கிறது?

செபம், நோன்பு, ஈகை என்னும் மூன்றும் தனித்தனிக் கடமைகள்போல் தோன்றலாம். ஆனால், தொடக்ககாலக் கிறிஸ்தவர் அவற்றை ஒன்றாகவே கண்டனர். இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட எர்மாவின் மேய்ப்பர் என்னும் நூல் நோன்பிருக்கும் முறையைத் தெளிவாகக் கூறுகிறது. நோன்பு நாளில் அப்பமும் நீரும் மட்டும் கொள்ளவேண்டும். அன்று வழக்கமாக உண்டிருக்கக் கூடிய உணவுக்கு என்ன செலவாகும் என்று கணக்கிடவேண்டும். அந்தத் தொகையைக் கைம்பெண்ணுக்கோ அனாதைக்கோ ஏழைக்கோ கொடுத்துவிட வேண்டும். அதே நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்தீதஸ் என்னும் அறிஞர், கிறிஸ்தவரிடையே வறியவர் ஒருவர் இருந்து, கொடுப்பதற்குப் பிறரிடம் மிகுதி இல்லையென்றால், அவர்கள் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்து மிச்சப்படுத்தி அவருக்கு உணவளிப்பர் என்று எழுதியுள்ளார். நோன்பால் மிஞ்சிய உணவு பசித்தவரின் தட்டுக்குச் சென்று சேர்ந்தது.

இக்கருத்து தமிழருக்கு மிகவும் அறிமுகமானது. திருக்குறளின் ஈகை என்னும் அதிகாரத்தில், 225ஆம் குறளில், வள்ளுவர் இதையே பேசுகிறார். தம் பசியைப் பொறுத்துக்கொள்ளும் தவத்தாரின் ஆற்றல் பெரிது. ஆனால், பிறர் பசியைப் போக்குவாரின் ஆற்றல் அதனினும் பெரிது என்பது அக்குறளின் பொருள். தவக்காலத்தின் சாரத்தை விளக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. தன் பசியைத் தாங்குவதோடு நின்றுவிடும் நோன்பு பாதிவழியில் நின்றுவிட்ட நோன்பாகும்.

இந்நோக்கத்தை நிறைவேற்ற உலகின் பல பகுதிகளில் எளிய வழிகள் உருவாகியுள்ளன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1975ஆம் ஆண்டு அரிசிக் கிண்ணம் என்னும் திட்டம் தொடங்கியது. தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஓர் அட்டைப்பெட்டி வழங்கப்படும். எளிய உணவு உண்டு மிச்சப்படுத்திய பணத்தை அப்பெட்டியில் சேர்த்து வறியோருக்கு அனுப்புவர். இந்தியாவின் மிசோராம் மாநிலத்தில் 1910ஆம் ஆண்டளவிலேயே இதற்கு ஒப்பான வழக்கம் ஒன்று தோன்றிவிட்டது. அங்குள்ள கிறிஸ்தவப் பெண்கள் ஒவ்வொரு முறை சோறாக்கும்போதும் உலையிலிடும் அரிசியிலிருந்து ஒருபிடியை எடுத்துத் தனியே வைப்பர். சேர்ந்த அரிசியைச் சபை திரட்டி விற்றுத் தன் பணிகளுக்குப் பயன்படுத்தும். இது ஆண்டு முழுவதும் நடைபெறுவது. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளிலும் இத்தகைய பிடியரிசிக் காணிக்கை வழங்கியதுண்டு. கொடுப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. சமைக்கும்போது ஒருபிடி குறைந்தாலே போதும் என்பதை அப்பெண்கள் செய்து காட்டினர்.

இங்கே இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. 18 வயது நிறையாத மாணவருக்கு ஒருசந்தி கட்டாயம் இல்லை. அப்படியானால் அவர் எதை விட்டுக்கொடுப்பது? இன்றைய இளைஞர் பலர் கைப்பேசி விளையாட்டையும் சமூக ஊடகத்தையும் இனிப்புப் பானங்களையும் விலக்குகின்றனர். நாள்தோறும் இரண்டு ரிங்கிட்டுக்குக் குளிர்பானம் வாங்கும் மாணவர் ஒருவர் அதை நாற்பது நாள் நிறுத்தினால் 80 ரிங்கிட் மிஞ்சும். அந்தப் பணம் நாற்பத்தோராம் நாள் அவருக்கே ஒரு புதுச் சட்டையாக மாறினால், அது நல்ல சேமிப்பு. வறிய குடும்பம் ஒன்றின் அரிசிப்பையாக மாறினால்தான் தவக்காலத்தின் நோன்பு. விளையாட்டை நிறுத்தியதால் கிடைத்த ஒரு மணி நேரமும் அவ்வாறே. அந்த நேரம் தனித்திருக்கும் பாட்டிக்கோ, பாடத்தில் தடுமாறும் தம்பிக்கோ செலவாகலாம்.

ஒரே ஊரில் பல நோன்புகள்

தங்காக் போன்ற ஊரில் நோன்பு ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. தைப்பூசத்தில் காவடி எடுப்பவர் பல நாள் விரதமிருப்பர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஒருபொழுது இருக்கும் வீடுகள் உண்டு. சீனச் சமூகத்தினர் ஒன்பது பேரரசர் விழாவின்போது ஒன்பது நாள் சைவ உணவு உண்பர். இரமலான் மாதத்தில் இசுலாமியர் விடியல் முதல் அந்தி வரை நீரும் அருந்தாமல் நோன்பிருப்பர்.

அண்மைய ஆண்டுகளில் இந்நோன்புகள் மிக நெருங்கி வந்துள்ளன. 2025இல் மலேசியாவில் இரமலான் நோன்பு மார்ச் 2ஆம் நாள் தொடங்கியது. மூன்று நாள் கழித்துத் தவக்காலம் தொடங்கியது. 2026இல் பிப்ரவரி 17ஆம் நாள் சீனப் புத்தாண்டு. மறுநாள் திருநீற்றுப் புதன். அதே வாரத்தில் இரமலான் நோன்பும் தொடங்கியது. ஒரு வீட்டில் குடும்ப விருந்து நடக்க, அடுத்த வீட்டில் நெற்றியில் சாம்பல் இட, மூன்றாம் வீட்டில் சகூர் உணவுக்கு விடியலில் அடுப்பு மூட்டிய வாரம் அது.

உணவிலும் ஒற்றுமை உண்டு. இரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் காய்ச்சி, வந்தவர் அனைவருக்கும் வழங்கப்படும் கஞ்சியைத் தமிழ் முஸ்லிம்கள் நோன்புக் கஞ்சி என்பர். மலாய்க்காரர் அதனையொத்த உணவைப் புபூர் லம்புக் என்பர். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கிறிஸ்தவ ஆலயங்கள் பலவற்றில் பெரிய வெள்ளி வழிபாடு முடிந்ததும் கஞ்சியும் துவையலும் வழங்குவர். சமயங்கள் வேறு, பசித்த வயிற்றுக்கு முதலில் தருவது கஞ்சி என்ற அறிவு ஒன்றே.

பெரிய வாரம்

தவக்காலத்தின் இறுதி வாரம் பெரிய வாரம் அல்லது புனித வாரம் எனப்படும். அது குருத்தோலை ஞாயிறன்று தொடங்குகிறது. இயேசு எருசலேமுக்குள் நுழைந்தபோது மக்கள் மரக்கிளைகளை ஏந்தி வரவேற்றதன் நினைவாக, அன்று மக்கள் ஓலைகளை ஏந்திப் பவனி செல்வர். பெரிய வியாழன் மாலையில் குருவானவர் தம் மேலுடையைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, மக்களுள் பன்னிருவரின் காலடிகளைக் கழுவுவார். தலைவர் என்பவர் பணியாளராக இருக்கவேண்டும் என்று இயேசு செய்து காட்டிய செயல் இது. 2016 முதல் இச்சடங்கில் பெண்களின் காலடிகளையும் கழுவலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் அனுமதி அளித்தார்.

பெரிய வெள்ளியன்று உலகின் எந்தக் கத்தோலிக்க ஆலயத்திலும் திருப்பலி நிகழாது. ஆலய மணி ஒலிக்காது. மக்கள் வரிசையில் வந்து சிலுவையை முத்தி செய்வர். சீர்திருத்தச் சபைகளில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை, சிலுவையில் தொங்கியபோது இயேசு கூறிய ஏழு வார்த்தைகளைப் பற்றித் தியானிப்பர். தங்காக்கிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள மலாக்கா நகரின் தூய பேதுரு ஆலயத்தில் அன்றைய பவனி புகழ்பெற்றது. 1710ஆம் ஆண்டு கட்டப்பட்ட அவ்வாலயம், மலேசியாவில் இன்றும் வழிபாடு நடைபெறும் கத்தோலிக்க ஆலயங்களுள் மிகப் பழமையானது. இறந்த இயேசுவின் ஆளுயரச் சிலையைச் சுமந்து, ஆயிரக்கணக்கானோர் மெழுகுவத்தி ஏந்தி நடக்கும் காட்சியைக் காணப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் வருவர்.

சபா, சரவாக் மாநிலங்களில் பெரிய வெள்ளி பொது விடுமுறை. தீபகற்ப மலேசியாவில் அவ்வாறு இல்லை. ஜொகூரில் இந்நிலை இன்னொரு வகையில் மாறிமாறி வந்துள்ளது. 2014 தொடங்கி 2024 முடிய, இம்மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. அதனால் தங்காக் மாணவர்களுக்குப் பெரிய வெள்ளி இயல்பாகவே ஓய்வுநாளாக அமைந்தது. உயிர்ப்பு ஞாயிறோ பள்ளி நாளாக இருந்தது. எல்லைக்கு அப்பால் மலாக்காவில் வாழும் உறவினருக்கு நிலைமை நேர்மாறாக இருந்தது. 2025 தொடக்கத்தில் ஜொகூரின் வார விடுமுறை சனி, ஞாயிறு என மாறியது. அவ்வாண்டு ஏப்ரல் 18ஆம் நாள் வந்த பெரிய வெள்ளி, ஜொகூரில் வழக்கமான வேலைநாள். அத்தகைய நாளில், விடுப்பு எடுக்க இயலாதவர் காலையில் கஞ்சியோ வெறும் தேநீரோ அருந்தி வேலைக்குச் செல்வார். மாலையில் ஆலயத்திற்குச் செல்வார். உடன் வேலை செய்பவருக்கு அவர் நோன்பிருப்பது தெரியாமலே போகலாம். முகத்தைக் கழுவிக்கொண்டு நோன்பிரு என்னும் அறிவுரை அங்கே இயல்பாகவே நிறைவேறுகிறது.

இன்னும் கடினமான ஒரு தவக்காலமும் வந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஆலயங்கள் மூடப்பட்டன. அவ்வாண்டின் பெரிய வாரத்தை மக்கள் வீட்டுக்குள்ளேயே, திரையில் ஒளிபரப்பான வழிபாட்டைப் பார்த்துக் கடைப்பிடித்தனர். பவனியும் இல்லை, காலடி கழுவும் சடங்கும் இல்லை. ஆயினும், வேலை இழந்த குடும்பங்களுக்குச் சமயம் பாராமல் உணவுப் பொருள்களைக் கொண்டுசேர்த்த மக்கள் நாடெங்கும் இருந்தனர். சடங்குகள் நின்றுபோன காலத்திலும் ஈகை நிற்கவில்லை.

விடியல்

பெரிய சனிக்கிழமை இரவில் ஆலய விளக்குகள் அணைக்கப்படும். வெளியே புதுத்தீ மூட்டப்படும். அத்தீயிலிருந்து பாஸ்கா மெழுகுத்திரி என்னும் பெரிய மெழுகுவத்தியை ஏற்றி, இருளுக்குள் ஏந்தி வருவர். ஒருவர் கையிலுள்ள திரியிலிருந்து அடுத்தவர் தம் திரியை ஏற்றிக்கொள்வார். சிறிது நேரத்தில் ஆலயம் முழுதும் ஒளி பரவும். நாற்பது நாள் ஒலிக்காத அல்லேலூயா மீண்டும் ஒலிக்கும். மறுநாள் புத்தாடை அணிந்து, விருந்து சமைத்து, அக்கம்பக்கத்தாரோடு மகிழ்வர். தங்காக்கின் துணிக்கடைகளில் காத்திருந்து வாங்கிய புதுத்துணியும் அன்றுதான் வெளியே வரும்.

அந்த விருந்துக்கு முன்பு கேட்டுப் பார்க்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாற்பது நாள் நான் விட்டுக்கொடுத்தது யாரைச் சென்று சேர்ந்தது? இக்கேள்வி கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதன்று. எந்தச் சமயத்தின் நோன்பை மேற்கொள்பவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம். ஒருபிடி அரிசி குறைந்த பானை ஒரு வீட்டில் இருந்தால், ஒருபிடி கூடிய பானை இன்னொரு வீட்டில் இருக்கவேண்டும்.

கருத்துணர் கேள்விகள்

1. தவக்காலம் நாற்பது நாள் என்று கூறப்பட்டாலும் நாள்காட்டியில் 46 நாள்கள் வருவது ஏன்?

2. ஒருசந்தி, சுத்தபோசனம் ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.

3. திருநீற்றுப் புதனன்று காணப்படும் முரண்பாடு யாது? அதனைப் பற்றிய உம் கருத்து என்ன?

4. 225ஆம் குறளின் கருத்து தவக்காலத்தின் நோக்கத்தோடு எவ்வாறு பொருந்துகிறது?

5. ஜொகூரின் வார விடுமுறை மாற்றம், அங்கு வாழும் கிறிஸ்தவரின் பெரிய வாரத்தை எவ்வாறு பாதித்தது?

6. உம் வட்டாரத்தில் கடைப்பிடிக்கப்படும் நோன்பு ஒன்றைப் பற்றி முதியவர் ஒருவரிடம் கேட்டறிந்து, அதில் ஈகைக்கு உள்ள இடத்தை விளக்கி 150 சொற்களில் எழுதுக.